திராட்சைத் தோட்ட வில்லா

சனிக்கிழமை இரவு, முவைலா, வளைகுடாவில் மகள் வீடு.

மகளும் மருமகனும் இன்று என்னை வீடு விற்கும் கண்காட்சிக்குக் கூட்டிப் போனார்கள். நாசிக் பக்கம் திராட்சைத் தோட்டங்களுக்கு நடுவே வில்லாக்கள். வைன் ருசிக்க வருகிறவர்களுக்கு மாடியை வாடகைக்கு விடலாமாம்.

"சாவி யாரிடம் இருக்கும்?" என்று விற்பனையாளர் கேட்டார்.

"அம்மா அங்கதான் இருப்பாங்க," என்ற ஜெனி, படிவத்தில் குடியிருப்பவர் என்ற இடத்தில் என் பெயரை எழுதினாள். எனக்கே அப்போதுதான் தெரியும். வகுப்புக்கு வராத பிள்ளைக்கு வருகை போட்டதுபோல் இருந்தது.

"மக்ளே, அங்க நான் யார்கிட்ட பேசுவேன்? இந்தியும் வராது."

"நாங்க லீவுக்கு வருவோம்லா."

"அது முப்பது நாளு. மிச்ச நாளு?"

மருமகன் சிரித்தார். "அத்தைக்குப் பக்கத்துலயே வைன் கிடைக்கும்."

"கிறிஸ்மஸுக்கு நானே வீட்டுல போடுவேன் மாப்பிள்ளை."

பேனாவை வாங்கி என் பெயரை அடித்தேன். கோபமில்லை, விடைத்தாள் திருத்துவதுபோலத்தான்.

"நீங்க எந்த வருஷம் இங்கேருந்து ஊருக்குத் திரும்பி வருவீங்கன்னு எழுது. அன்னைக்கு நானும் கூட வாரேன்."

ஜெனி பேனாவை வாங்கி மூடினாள். "எனக்கே தெரியலம்மா," என்றாள். படிவத்தை மேசையிலேயே விட்டு வந்தோம்.

அந்தக் கேள்வியை மருமகன் முன்னால் கேட்டிருக்க வேண்டாம்.