உட்காரும்போது எடுக்கும் அளவு

போர்ட்ஸ்மத்,
10 மார்ச் 1954, புதன்,
பகல் பன்னிரண்டு மணி.

அன்புள்ள ஐவிக்கு,

நலம். நீயும் நலமாக இருப்பாய் என்று நம்புகிறேன். இங்கே மூன்று நாளாக விடாத மழை.

உன் கடிதம் சனிக்கிழமையே வந்துவிட்டது. 'மேவிஸ், என் செல்லமில்ல, அந்த இடுப்புக் கச்சைய போட்டு நின்னா சிலை மாதிரி இருக்கு, உக்காந்தா பின்னால தையல் பிளந்துக்குது. பெருசாக்கினா தொளதொளங்குது. நீ என்னடி பண்ணுவ? புதன்கிழமைக்குள்ள எழுதுடி' என்று கெஞ்சியிருந்தாய். செல்லமாம்! பன்னிரண்டு வருடம் ஒரே மேஜையில் துணி வெட்டினோம், ஒருநாளும் வராத வார்த்தை.

என் இழுப்பறையிலிருந்து அந்தக் கச்சைக்கு நான் வரைந்த காகித மாதிரியை எடுத்துக்கொண்டு, உன்னுடையது என்று காட்டி, லண்டனில் பதவி வாங்கினாய். மேலாளர் என்னை வெட்டும் மேஜையிலிருந்து கிளப்பித் தையல் இயந்திரத்துக்கு அனுப்பினார். 'ஐவிக்கு இருக்கற மூளை உனக்கு இல்லையேம்மா' என்றார், எல்லாப் பெண்களுக்கும் முன்னால். வயிறு எரிந்தது, ஐவி. இன்னும் எரிகிறது.

சரி, கேட்டதைச் சொல்கிறேன். கசாப்புக் கடைக்காரர் மனைவி திருமதி ஹிப்பர்ட்டை நினைவிருக்கிறதா? 'நிக்கறப்ப நான் மகாராணி, உக்காந்தா உசுரு போகுதும்மா' என்று அழுதாரே. அன்றிலிருந்து ஒவ்வொரு பெண்ணையும் நாற்காலியில் உட்காரவைத்தும் அளப்பேன். இடுப்பு இரண்டு அங்குலம் கூடும். அந்த இரண்டையும் பின்னால், கீழ் விளிம்பில் மட்டும், எலாஸ்டிக்கை முக்கோணமாக வெட்டிச் செருகிக் கொடுக்க வேண்டும். அதைக் காகிதத்தில் குறித்ததே இல்லை. வெட்டும்போது கையோடு சேர்த்துவிடுவேன். நான் நாற்காலியை இழுக்கும்போதெல்லாம் நீதான் சிரிப்பாய்: 'கச்சை தைக்கறியா, விருந்து வைக்கறியாடி?'

இன்று காலை பத்து மணிக்குக் கடைக்காரர்களுக்கு அந்தக் கச்சையைக் காட்டும் உன் கண்காட்சி. உன் பெண்கள் அதைப் போட்டுக்கொண்டு ஒய்யாரமாக நடந்து காட்டியிருப்பார்கள். பிறகு, வழக்கம்போல, கடைக்காரர்களோடு தேநீருக்கு உட்கார்ந்திருப்பார்கள்.

இதைச் சனிக்கிழமையே எழுதியிருக்கலாம். மனம் வரவில்லை. இப்போதுதான் தபால்தலை ஒட்டுகிறேன்.

உடம்பைப் பார்த்துக்கொள். ஒரே ஒரு வேண்டுகோள்: உன் பெயர் போட்ட அந்தக் கச்சையை மாட்டிக்கொண்டு, நாற்காலியில் உட்கார்ந்து இந்தக் கடிதத்தைப் படி.

உன் பழைய தோழி,
மேவிஸ்