தோளோரம் போன கோடு

மாதா துணை

ராயபுரம்
14.8.2003

அன்பு மகன் சாவியோவுக்கு அப்பா இன்னாசி எழுதுவது. நாங்கள் மூன்று பேரும் நலம். போன கடிதங்களிலும் இதையேதான் எழுதினேன், அப்போது அது முழு உண்மை இல்லை, இப்போது மனசறிந்து எழுதுகிறேன். குவைத்தில் வெயில் எப்படி, கம்பெனி சாப்பாடு உன் வயிற்றுக்கு ஒத்துக்கொள்கிறதா என்று எழுது.

தங்கச்சி விஷயத்தை மறைத்ததற்குக் கோபப்படாதே. திருவொற்றியூர் கம்பெனியில் ஷைனியின் வலது கை பேக்கிங் மிஷினில் மாட்டியபோது சின்னக் காயம் என்று போனில் சொன்னேன். ஆள்காட்டி விரலும் நடுவிரலும் போய்விட்டன. நீ வேலையை விட்டுவிட்டு ஓடி வந்துவிடுவாய் என்று அம்மாதான் சொல்ல வேண்டாம் என்றாள். காயம் ஆறிவிட்டது, பிள்ளை ஆறவில்லை. நாலு மாதம் வாசலைத் தாண்டவில்லை, பூசைக்கு வரவில்லை, எங்களோடு உட்கார்ந்து சாப்பிட மாட்டாள், கை எப்போதும் துப்பட்டாவுக்குள்ளேயே இருக்கும். துறைமுகத்தில் ஷிப்டு முடிந்து வீட்டுக்கு வரவே எனக்குப் பயமாக இருந்தது.

அப்புறம் உன் தோஸ்து கமால் வந்தான். கல்மண்டபம் பக்கத்தில் ஸ்டூடியோ வைத்திருக்கிறானே, இப்போது கல்யாண ஆல்பமெல்லாம் கம்ப்யூட்டரில்தானாம், ஆள் வேண்டும், ஷைனி வரட்டும் என்றான். அழுதுகொண்டே போனாள், அம்மா துணைக்குப் போய் உட்கார்ந்தாள். படத்தில் இருக்கிற ஆளைச் சுற்றிக் கோடு போட்டு, பின்னால் இருப்பதை நீக்க வேண்டும். இடது கையில் மவுசைப் பிடித்து ஒரே இழுப்பாக இழுத்தால் கோடு நண்டு நடந்த மாதிரி போனதாம். மூன்றாம் நாள் இனி போக மாட்டேன் என்று படுத்துவிட்டாள். கமால் விடவில்லை, மறுநாள் வீட்டுக்கே வந்து கூட்டிப்போனான். கம்ப்யூட்டரில் படம் திருத்துகிற அந்த போட்டோஷாப்பிலேயே பேனா என்று வேறு ஒன்று இருக்கிறதாம். இங்கே ஒரு புள்ளி, தள்ளி ஒரு புள்ளி, அதை அமுக்கிக் கொஞ்சம் இழுத்தால் நடுவில் கோடு தானாக வளையும், சரியில்லை என்றால் புள்ளியைப் பிறகு நகர்த்திக்கொள்ளலாம். கை நடுங்கினாலும் கோடு நடுங்காது. எனக்குப் புரியவில்லை என்றதும் தரையில் பட்டாணியை வைத்து ஷைனியே காட்டினாள்.

காசிமேட்டு லூர்து கடலில் இறந்துபோனது உனக்குத் தெரியும். போன வாரம் அவன் மனைவி ஒரு படம் கொண்டுவந்தாள். அவன் இருக்கிற படம் அது ஒன்றுதான், ஏதோ கல்யாணத்தில் எட்டுப் பேர் நெருக்கியடித்து நின்றது, பக்கத்து ஆளின் கை லூர்து தோள்மேல் கிடக்கிறது. அவனை மட்டும் தனியாகப் பிரித்துத் தர இரண்டு கடையில் முடியாது என்றுவிட்டார்களாம். ஷைனி ஒரு பகல் முழுக்க உட்கார்ந்தாள். சுருட்டை முடி, காது மடல், சட்டைக் காலர் என்று புள்ளி புள்ளியாகப் போய், அந்தக் கையை எடுத்துவிட்டு, மறைந்திருந்த தோளை அவளே வளைத்து வரைந்திருக்கிறாள். சாயங்காலம் அந்தப் பெண் படத்தை வாங்கி அந்தத் தோளைத் தடவிப் பார்த்தாளாம். பிறகு, "எனக்காவ மட்டும் வந்து நின்னா மாரி கீது கண்ணு" என்று சொல்லி ஷைனியின் வலது கையைப் பிடித்துக் கண்ணில் ஒற்றிக்கொண்டாளாம். ஷைனி கையை இழுத்துக்கொள்ளவில்லை.

அன்றைக்கு எங்களோடு உட்கார்ந்து, மிச்சமிருக்கிற விரலாலேயே பிசைந்து மீன்குழம்புச் சோறு சாப்பிட்டாள். அம்மா தண்ணீர் எடுப்பதுபோல எழுந்து போய்விட்டாள். ஞாயிற்றுக்கிழமை பூசைக்கும் வந்தாள். அதனால் நீ பதறிக்கொண்டு கிளம்ப வேண்டாம், லீவு கொடுக்கும்போது வா. வெயிலில் தலையை மூடிக்கொள், தண்ணீர் நிறையக் குடி. மாதா உன்னைத் தன் நிழலிலேயே வைத்திருக்கட்டும்.

ஒன்று மறக்காதே. "நைனா, அண்ணன நேரா நின்னு ஒரு படம் புடிச்சி அனுப்பச் சொல்லு, கிறிஸ்மஸ் படத்துல நம்ம பக்கத்துல நிக்க வெச்சிடறேன்" என்கிறாள் உன் தங்கை. அனுப்பி வை. ஆனாலும் நானும் அம்மாவும் நடுவில் ஓர் ஆள் நிற்க இடம் விட்டுத்தான் நிற்கப்போகிறோம். முடிந்தால் நீயே வந்து நில்.

உன் அப்பா,
ச. இன்னாசி