ஐகானில் திறந்தாலும் தமிழ்

செவ்வாய், இரவு.

தொண்டை ஆபரேஷனுக்கு அப்புறம் என் வீட்டுக்காரருக்குப் பேச்சு வரவில்லை. சொல்ல வேண்டியதை லேப்டாப்பில் தமிழில் அடித்துக் காட்டுவார். அது லினக்ஸ். நான் கட்டளை அடிக்கிற டெர்மினலிலிருந்து, எழுதுகிற எடிட்டரைத் திறந்து கொடுத்தால் தமிழ் வரும். அவரே ஐகானை அமுக்கித் திறந்தால் இங்கிலீஷ்தான் வரும். நான் செஞ்சி பஜாருக்கு வேலைக்குப் போன பிறகு எடிட்டர் மூடிக்கொண்டால், சாயங்காலம் வரை அவருக்கு வழியில்லை.

இன்றுதான் காரணம் புரிந்தது. தமிழுக்கான மூன்று வரிகளை, டெர்மினல் மட்டும் படிக்கிற ஃபைலில் எழுதி வைத்திருந்தேன். லாகின் ஆகும்போதே படிக்கிற புரொஃபைல் ஃபைலுக்கு அவற்றை மாற்றினேன். லாக் அவுட் செய்து மறுபடி உள்ளே போனேன்.

"இப்ப நீங்களே தொறங்க."

தயங்கித்தான் அமுக்கினார். தமிழ் வந்தது. உடனே அடித்துக் காட்டினார்.

"காலையில அழுதுகினே பஸ்ஸுக்கு ஓடின. நாள் பூரா கேக்கணும்னு இருந்தேன். இன்னா ஆச்சு செல்வி?"

"கனவுல நீங்க பேசுனீங்க."

"இன்னா பேசினேன்?"

"கொழம்புல உப்பு இல்லன்னு திட்டுனீங்க."

சத்தமே இல்லாமல், தோள் குலுங்கச் சிரித்தார். எனக்குத்தான் மறுபடி கண் கலங்கியது. பிறகு மெதுவாக ஒவ்வொரு எழுத்தாக அடித்தார்.

"இன்னிக்கும் இல்ல."