தாடையில் பட்ட குண்டு

இன்று உங்கள் வேட்டைத் துப்பாக்கியிலிருந்து குறிபார்க்கும் ஸ்கோப்பைக் கழற்றினேன். திருகாணிகளில் நீங்கள் பூசிவைத்த எண்ணெயின் மணம் விரல்களில் ஏறிக்கொண்டது. இரண்டு தரம் சவர்க்காரம் போட்டும் போகவில்லை. துப்பாக்கி இப்போது என் பெயரில் இருக்கிறது. ஸ்கோப்பை விற்கலாமா என்று துப்பாக்கிக் கடையில் கேட்டேன். அங்கிருந்த பெண் அதைக் கண்ணில் வைத்துப் பார்த்துவிட்டு, "இதை இன்னொருவர் தலையில் கட்ட எனக்கு மனமில்லை" என்றாள்.

அதை வாங்கிய நாள் உங்களுக்கு நினைவிருக்குமோ தெரியாது. வேட்டைக்காரருக்கான சோதனையை நாங்கள் இருவரும் ஒன்றாகத்தான் எழுதிப் பாஸ் பண்ணினோம். வேலையிடத்து நோர்வேக்காரரோடு சரிசமமாக நிற்க வேண்டும் என்பது உங்கள் ஆசை. எங்கள் கைக்கு எட்டிய விலையில் கடையில் இரண்டு ஸ்கோப்புகள் இருந்தன. ஒன்று யாரோ பாவித்தது, கட்டையானது, அதிகம் பெருப்பித்துக் காட்டாதது. மற்றது புதியது, நீளமானது. நான் இரண்டாலும் வெளியே இருட்டிக்கொண்டு வந்த தெருவைப் பார்த்தேன்.

"இந்தப் பழசிலை மங்கலுக்கையும் தெளிவாத் தெரியுது. மற்றதிலை பெரிசாத் தெரியுது, ஆனா பால் ஊத்தின மாதிரிக் கிடக்கு" என்றேன்.

நீங்கள் கடைக்காரனைப் பார்த்துச் சிரித்தபடியே தமிழில் சொன்னீர்கள்: "உனக்கு என்னடி தெரியும்? வாயை மூடிக்கொண்டு நில்."

கடைக்காரனும் என்னைப் பார்த்துச் சிரித்தான். நீளமானதையே வாங்கினீர்கள். வெள்ளைக்காரர் முன்னால் நீங்கள் என்னை அப்படித்தான் ஏசுவீர்கள். அன்பான புருஷன் என்று எல்லோரும் நினைத்தார்கள்.

சுடும் பயிற்சித் திடலில் தூரத்துக்கு ஏற்றபடி ஸ்கோப்பின் குமிழைத் திருகி மேலே ஏற்றிப் பழைய இடத்துக்கே இறக்கினீர்கள். குண்டு இலக்கு அட்டையில் முதலில் போட்ட ஓட்டைக்குத் திரும்பி வரவில்லை. சொன்னேன். "காத்து" என்றீர்கள். கொடி ஆடாமல் தொங்கிக்கொண்டிருந்தது.

மேற்குப் பக்கத்துப் பள்ளத்தாக்கில் எங்கள் வேட்டைக் குழுவை நடத்தியவர் ஆர்னே. தூரத்திலிருந்து சுட வேண்டாம் என்று காலையிலேயே எல்லோருக்கும் சொல்லியிருந்தார். நீங்களும் நானும் ஒரே மறைவில் இருந்தோம். பொழுது சாயும் நேரம் எதிர்ச் சரிவில் ஒரு பெண்மான் வெளியே வந்தது.

"தூரம் முந்நூறு மீட்டருக்குக் கிட்ட வரும். வேண்டாம்" என்றேன்.

"இதுக்குத்தானே இந்த ஸ்கோப்பை வாங்கினது" என்று குமிழைத் திருகினீர்கள். சுட்டீர்கள்.

மான் தலையை உதறிக்கொண்டு மரங்களுக்குள் போனது. அதன் கீழ்த்தாடை தொங்கியதை நான் என் தூரக்கண்ணாடியில் கண்டேன்.

அன்று இருட்டிவிட்டது. விடிந்ததும் மோப்ப நாயோடு போய் ஓர் ஓடைக்கரையில் கண்டுபிடித்தோம். மான் தண்ணீருக்குள் வாயை வைத்தது. எடுத்தது. திரும்பவும் வைத்தது. அதால் ஒரு மிடறும் குடிக்க முடியவில்லை. ஆர்னே உங்களைப் பார்த்தார். நீங்கள் ஒரு கல்லில் இருந்துவிட்டீர்கள்.

"என்னாலை ஏலாது. நீ சுடு."

ஆர்னே தன் துப்பாக்கியை என் கையில் தந்தார். கிட்டப் போய்ச் சுட்டேன். திரும்பி நடக்கும்போது அவர் உங்களிடம் ஒன்றே ஒன்றுதான் சொன்னார்: "அடுத்த வருடம் உன் மனைவி வரட்டும்."

அந்த வார்த்தைக்கு நீங்கள் என்னைத்தான் பழிவாங்கினீர்கள். ரொம்மனில் எங்கள் தமிழ்ச் சனம் கூடிய ஒரு பிறந்தநாள் விழாவில், நிறைந்த மேசையில், "இவ தாடையிலை சுட்டுப்போட்டா. அது துடிச்சுக்கொண்டு நிண்டது. நான்தான் போய் முடிச்சனான்" என்றீர்கள். எல்லோரும் சிரித்தார்கள். அன்றிலிருந்து நான் 'தாடை அக்கா'. மகளுக்கு முன்னாலும் நீங்கள் அப்படிக் கூப்பிட்டீர்கள். ஒவ்வொரு இலையுதிர் காலமும் ஆர்னேயின் இரவல் துப்பாக்கியோடு நான் வேட்டைக்குப் போனேன். நான் அவர்களுக்குச் சமைத்துக் கொடுக்கப் போவதாகச் சனத்துக்குச் சொன்னீர்கள்.

ஆஸ்பத்திரியில் கடைசி நாட்களில் ஒருநாள் என் கையைப் பிடித்தீர்கள். ஒரு நல்ல வார்த்தை வரப்போகிறது என்று குனிந்தேன்.

"அந்த மான் கதையைச் சனத்துக்கு மாத்திச் சொல்லிப்போடாதை."

"ஓம்" என்றேன். நீங்கள் நிம்மதியாக நித்திரையானீர்கள்.

முப்பத்தோராம் நாள் அந்தியேட்டிச் சாப்பாட்டில் உங்கள் தம்பி கண் கலங்கி அதே கதையைத் தொடங்கினார். "வாயில்லாச் சீவன் துடிக்கிறதைப் பாக்கேலாமல் அண்ணைதான் போய்..."

அகப்பையைக் கீழே வைத்தேன். "சுட்டது அவர். முடிச்சது நான்."

ஒரு பெண் என் தோளைப் பிடித்து, "துக்கத்திலை என்னவோ கதைக்கிறா, விடுங்கோ" என்றாள். உங்கள் தம்பி பாயாசத்தைக் குடித்து முடித்தார்.

துரொண்ட்ஹெய்மிலிருந்து வந்திருந்த மகள் குசினிக்குள் வந்தாள். "அது உண்மையெண்டாலும் இண்டைக்குச் சொல்லவேணுமே அம்மா?"

"பிறகு எண்டைக்குச் சொல்லுறது?"

அவள் அன்றே ரயில் ஏறிவிட்டாள். போன் எடுப்பதில்லை. போன மாதம் அவளுக்கு இறைச்சி அனுப்பினேன். நான் கிட்ட நின்று நெஞ்சில் சுட்ட மான். "கிடைச்சது" என்று மட்டும் எழுதியிருந்தாள்.

சாகக் கிடந்தவருக்குக் கொடுத்த வாக்கை நான் உடைத்தேன். அந்தப் பாரம் என்னோடுதான் இருக்கிறது. இறக்கிவைக்க எனக்கு விருப்பமில்லை.