நான்கு குன்றிமணிகள்

மார்ச் 9, ஞாயிறு

கடற்கரை மாளிகைக்குப் போய் வந்தோம். ஆறு மாதமாக அவரை நச்சரித்துக் கிடைத்த ஒரு நாள். உள்ளே தள்ளுவண்டி கூடாது என்று வாசலிலேயே வாங்கி வைத்துக்கொண்டார்கள். குட்டி இடுப்பில் இருக்கமாட்டேன் என்று ஒரே அழுகை. தோட்டத்து மதிலில் ஒரு கொடி. வெடித்த காய்களில் சிவப்பு விதைகள். அவர் டிக்கெட் வரிசையில் நின்றபோது நான்கைப் பறித்து அவன் கையில் வைத்தேன். அழுகை நின்றது.

மாடியில் சிப்பி பதித்த கூரையை அண்ணாந்து பார்த்தேன். ஒரு நிமிடம் இருக்குமா? குனிந்தால் தரையில் இரண்டே விதை. அவன் சப்புக்கொட்டிக்கொண்டிருந்தான்.

காவல்கார அம்மாள் பதறிவிட்டாள். "ஐயையோ, குன்றிமணிம்மா! விஷமாச்சே!"

அங்கிருந்து நேரே ஆஸ்பத்திரி. "முழுசா முழுங்கியிருந்தா வெளிய வந்துடும். கடிச்சிருந்தாதான் வம்பு. எத்தனை?" என்றார் டாக்டரம்மா.

"ஒண்ணு. கீழ கிடந்ததை அவனே எடுத்துட்டான்."

ஏன் அப்படிச் சொன்னேன்? அவர் பக்கத்தில் நின்றார். வாய் தானாகச் சொல்லிவிட்டது.

மாலைவரை வைத்திருந்து அனுப்பினார்கள். மூன்று நாள் கவனிக்க வேண்டுமாம்.

மார்ச் 10

வாந்தி இல்லை. காய்ச்சல் இல்லை. பத்துத் தடவை தொட்டுப் பார்த்தேன். அவனுக்கு ஆறு பல் இருக்கு. ஆறு போதாதா கடிக்க?

மார்ச் 11

ஒன்று வந்தது, முழுதாக. அவர் குளியலறையிலிருந்து கத்தினார்: "வந்துட்டான்டி கதாநாயகன்!" மாமியாருக்குப் போன் போட்டுச் சிரித்தார். நானும் சிரித்தேன். இன்னொன்று உள்ளே இருக்கிறதே—யாரிடம் சொல்வேன்?

மதியம் குட்டி பால் வேண்டாம் என்று தலையைத் திருப்பிக்கொண்டான். ஓடிப்போய் அவரிடம் எல்லாவற்றையும் சொல்லிவிட்டேன். பறித்தது, கொடுத்தது, எண்ணிக்கை.

அவர் திட்டவில்லை. டாக்டரம்மாவுக்குப் போன் செய்து ஸ்பீக்கரில் போட்டார். "படிச்சவங்கதானே நீங்க? அன்னிக்கே சொல்றதுக்கென்ன?"

சொல்லியிருக்கலாம். சொல்லியிருக்கலாம்தான்.

மார்ச் 12

அதுவும் வந்துவிட்டது. கீறல்கூட இல்லை. அவர் கத்தவில்லை. கழுவி, ஒரு காகிதத்தில் வைத்து, என் முன்னால் நீட்டினார்.

மார்ச் 16, ஞாயிறு

மாலை குட்டியைப் பூங்காவுக்குக் கூட்டிக்கொண்டு கிளம்பினார். நானும் செருப்பை மாட்டினேன்.

"நீ இரு. நான் பாத்துக்கறேன்."

அன்பாகத்தான் சொன்னார்.