பிரெஞ்சுக்காரன் கல்லுக்கு ஒரு மெழுகுதிரி

அண்ணை,

இன்று காலை ரயில் ஹனோவரைத் தாண்டியதும் சீனிக்கிழங்கு வயல்களின் சேற்று மணம் பெட்டிக்குள் வந்தது. கிழங்கு கிண்டுகிற காலம். எதிரே இருந்த பெண் மூக்கைச் சுளித்துக்கொண்டு யன்னலைச் சாத்தினாள். எனக்கோ சேறு அப்பிய உங்கள் வெறுங்கால்கள்தான் கண்ணில் வந்தன. அன்று உங்களிடம் ஒரு பொய் சொன்னேன். நீங்கள் போய் இரண்டு வருடமாகிவிட்டது, அது இன்னும் என்னை விடுகிறதாயில்லை.

அது ஊரில் சமாதானம் பேசிக்கொண்டிருந்த காலம். வயோதிபர் இல்லத்துச் சலவைக்கூடத்தில் நீங்களும் நானும் படுக்கை விரிப்பு மடித்துக்கொண்டிருந்தோம். இயக்கத்துக்குப் போய்ச் செத்த உங்கள் இளைய மகனை வன்னியில் புதைத்திருந்தார்கள். கல்லறையின் படமொன்றை ஊரிலிருந்து உங்கள் தங்கச்சி அனுப்பியிருந்தா. உங்களுடைய அகதிக் கடவுச்சீட்டில் எந்த நாட்டுக்கும் போகலாம், இலங்கைக்கு மட்டும் ஏலாது. ஜெர்மன் கடவுச்சீட்டு வரும்வரை அந்தக் கல் நிற்குமா என்பதுதான் உங்களுடைய ஒரே கவலை.

எங்களோடு வேலை செய்த லைப்சிக் நகரத்துக்காரி ஒருத்தி, பிரெஞ்சுப் பேரரசனைத் துரத்திய விடுதலைப் போர் நடந்த வெளியைத் தன் ஊரில் இன்னும் பேணி வைத்திருக்கிறார்கள், அங்கே கல்லும் நட்டிருக்கிறார்கள் என்று சொல்லிவைத்தாள். அன்றிலிருந்து அங்கே கூட்டிப்போகச் சொல்லி என் உயிரை வாங்கினீர்கள். அந்த மாதம் எனக்கு லீவு வாய்த்தது ஒரேயொரு ஞாயிறு, அதையும் பிடுங்கிக்கொண்டீர்கள். மலிவு டிக்கெட்டில் விரைவு வண்டி ஏற விடமாட்டார்கள். மூன்று இடத்தில் மாறி, பிறகு ட்ராம், பிறகு நடை. வழி முழுக்க நான் புறுபுறுத்தேன். நீங்கள் இடியப்பப் பார்சலை நீட்டி நீட்டி என் வாயை அடைத்தீர்கள்.

போய்ப் பார்த்தால் உழுத வயல், குளிர்காற்று, நாலு காகம். பாதையோரம் ஒரு கல். இதற்கா இவ்வளவு தூரம் என்று கேட்க வாயெடுத்தேன். நீங்கள் அதற்குள் குந்தியிருந்து சப்பாத்தைக் கழற்றிக்கொண்டிருந்தீர்கள். வன்னியில் மாவீரர் துயிலும் இல்லத்துக்குள் ஒருவரும் செருப்போடு போவதில்லை என்று தங்கச்சி எழுதியிருந்தாவாம். காலுறையையும் கழற்றிச் சப்பாத்துக்குள் செருகிவிட்டு, அந்தக் குளிரில் வெறுங்காலோடு கல்லடிக்குப் போனீர்கள்.

“தம்பி, என்ன எழுதிக் கிடக்கு? ஒருக்கா வாசியும்.”

உங்களுக்கு வருகிற ஜெர்மன் கடிதமெல்லாம் நான்தானே வாசிப்பது. குனிந்து பார்த்தேன். ஒரு தளபதியின் பெயர், படையின் தொகை, அவ்வளவுதான். செத்தவன் ஒருவனின் பெயரும் இல்லை. போதாததற்கு அது பிரெஞ்சுப் படை நின்ற இடத்தைக் காட்டும் கல் என்று பக்கத்துப் பலகை சொன்னது. உண்மையைச் சொன்னால் மற்றப் பக்கத்தின் கல்லைத் தேடி இன்னும் எவ்வளவு தூரம் இழுப்பீர்களோ என்று பயந்தேன். கால் உளைந்தது.

“விடுதலைக்காகச் செத்த பெடியள் இதில நித்திரை கொள்ளுகினம் எண்டு கிடக்கு அண்ணை,” என்றேன்.

நீங்கள் சேற்றில் முழந்தாளிட்டுச் சட்டைப்பையிலிருந்து மெழுகுதிரியை எடுத்தீர்கள். காற்றில் நாலு தரம் நூர்ந்தது. ஐந்தாம் தரம் நான் ஜக்கெற்றை விரித்து மறைத்துப் பிடித்தேன். நீங்கள் பரலோக மந்திரம் சொல்லிக்கொண்டிருக்க, நாயோடு வந்த ஒரு கிழவர் நின்று, இவர் பிரெஞ்சுக்காரரா, அந்தக் கல்லுக்கு யாரும் மெழுகுதிரி கொளுத்தித் தான் கண்டதில்லையே என்று என்னைக் கேட்டார். ஆமென்று தலையாட்டி அனுப்பிவைத்தேன். என்ன கேட்டவர் என்று நீங்கள் விசாரித்தபோது, மழை வருமாம் என்றேன்.

திரும்பி வரும்போது உங்கள் முகத்தில் அப்படியொரு நிம்மதி. ஒரு நாளும் அப்படி நான் கண்டதில்லை.

“இருநூறு வருசமா நிக்குது பாரும். எங்கட பெடியின்ர கல்லும் நான் போகுமட்டும் நிக்கும். அதில கிடக்கிறது இயக்கம் வைச்ச பேர். நான் வைச்ச பேர் இல்லை. போனா அதையும் ஒருக்கா எழுதுவிக்க வேணும், தம்பி.”

மனுவேல். ஞானஸ்நானத்தில் நீங்கள் வைத்த பெயர். வண்டி மாறுகிற மக்டெபூர்க் வருமட்டும் அவனைப் பற்றியே கதைத்தீர்கள். எனக்குக் கண்ணைச் சொருகியது. பாதிதான் கேட்டேன்.

கடவுச்சீட்டு வரவில்லை, அதற்கு முதல் நெஞ்சுவலி வந்து உங்களைக் கொண்டுபோய்விட்டது. இந்த வருடம் சண்டையும் முடிந்தது. துயிலும் இல்லங்களையெல்லாம் இடித்துத் தரைமட்டமாக்கியாயிற்று, ஒரு கல்லும் இல்லை என்று ஊரிலிருந்து வந்தவர்கள் சொன்னார்கள். இதைக் கேட்க அண்ணை இல்லாதது நல்லது என்றுதான் முதலில் நினைத்தேன். பிறகு வெட்கமாகப் போய்விட்டது. கல் நிற்கும் என்று உங்களை நம்பவைத்தது நான். அதுவும் கால் உளைந்ததற்காக. இருந்தும் அந்த நிம்மதியைத் திருப்பி வாங்க எனக்கு மனமில்லை. யோசித்து யோசித்துக் களைத்துவிட்டேன்.

போன ஞாயிறு இறந்தவர்களுக்கான தமிழ்ப் பூசை. பூசையில் வாசிக்கிற பெயர்களைக் கோயில் வாசலில் ஒரு அக்கா எழுதிக்கொண்டிருந்தா. உங்கள் பெயரைச் சொன்னேன். அதற்குக் கீழே மனுவேல் என்று எழுதச் சொன்னேன்.

“இவர் உங்களுக்கு என்ன முறை?” என்று கேட்டா.

அவன் முகத்தைக்கூட நான் கண்டதில்லை. இருந்தும் யோசிக்கவில்லை.

“பெறாமகன். அண்ணையின்ர மகன்,” என்றேன்.

முறை சரிதானே, அண்ணை?