நட்சத்திரம் விழுகிற பெட்டி

என் உயிருக்கு உயிரான பாக்கியம் அக்காவுக்கு,

நீ மஞ்சக்காமாலையில் போய் மூன்று வருஷமாகிறது. வாசல் கதவைப் பூட்டியபின் இன்னொரு தடவை இழுத்துப் பார்த்துவிட்டுத்தான் படுக்கிறேன், நீ செய்த மாதிரியே. சந்தேகப்படுவதில் உன்னை மிஞ்சிவிட்டேன் என்று அம்மா சொல்கிறாள். இந்த வருஷம் என்னையே ஒருத்தி சந்தேகப்பட்டாள். யார் தெரியுமா? உன் கூட்டாளி ஜெயந்தி.

ஒன்பதாம் வகுப்போடு நின்ற என்னை இராஜபாளையத்தில் ஒரு பிரவுசிங் சென்டரில் வேலைக்குச் சேர்த்திருக்கிறார்கள். நம்ம மடவார் வளாகத்து வீட்டிலிருந்து தினமும் டவுன் பஸ். நாலு கம்ப்யூட்டர், கீச்சுக்கீச்சென்று கத்தி இண்டர்நெட் பிடிக்கிற ஒரு மோடம், முதலாளி சாமுவேல் சார். நான் வாயே திறக்காதவள் என்பதால்தான் வேலை கிடைத்தது போல.

சார் சுற்றுப்பட்டி ஊர்களுக்காக வரன் பார்க்கிற வெப்சைட் ஒன்று செய்தார். பேர், படிப்பு, வேலை எல்லாம் பதிந்து, கடைசியில் ஒரு பாஸ்வேர்டு வைக்க வேண்டும். அது ஒரு ரகசியச் சொல், அக்கா. அது தெரிந்தவர்தான் அந்தப் பக்கத்தைத் திறந்து எழுதலாம், அழிக்கலாம். திரையில் அதற்கென்று உள்ள பெட்டியில் அடிக்கும்போது எழுத்துத் தெரியாது, ஒவ்வொரு எழுத்துக்கும் ஒரு நட்சத்திரம் விழும். பக்கத்தில் நிற்பவர் பார்த்துவிடக் கூடாதாம்.

நம் ஆட்களுக்குக் கீபோர்டில் எந்த எழுத்து எங்கே இருக்கிறது என்று தெரியாது. அதனால் அடிப்பது நான்தான். “என்னம்மா, எல்லாம் பூவா விழுது? நான் சொன்னதைத்தான் அடிச்சியா, வேற என்னமும் அடிச்சியா?” என்று ஒரு பெரியவர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்துவிட்டுக் கேட்டார். சரிபார்க்க, அடுத்த பெட்டியிலும் அதையே அடிக்க வேண்டும். ஓர் எழுத்து மாறினால் ‘தவறு’ என்று சிவப்பாக வரும், என்ன தவறு என்று சொல்லாது. பாதி நேரம், முன்னால் உட்கார்ந்தவர், எல்லாம் பெரிய எழுத்தாகவே விழ வைக்கிற கேப்ஸ் லாக்கைப் போட்டுவிட்டுப் போயிருப்பார். அதற்குள் போன் லைன் அறுந்துவிடும்.

சார் ஒரு வழி சொன்னார். “அவிய ஒவ்வொரு எழுத்தாச் சொல்லட்டும். நீயும் சத்தமாத் திருப்பிச் சொல்லி அடி. தப்பே வராது.”

தை மாசம் ஜெயந்தி அக்கா பதிய வந்தாள். அவள் சொல்லையும் அப்படித்தான் அடித்தேன். அத்தை மகன் சுந்தரத்துக்கு அவளைக் கட்டிவைக்க வீட்டில் நெருக்குகிறார்கள், அவளுக்கு இஷ்டமில்லை. பதிந்த கொஞ்ச நாளிலேயே கோவில்பட்டியிலிருந்து ஒரு வாத்தியார் மாப்பிள்ளைக்காக அவளை விசாரித்தார்கள். பிறகு பேச்சையே காணோம். ஏனென்று திறந்து பார்த்தால், அவள் பெயரிலிருந்த பக்கத்தில் ‘திருமணம் நிச்சயமாகிவிட்டது’ என்று யாரோ எழுதியிருக்கிறார்கள்.

சென்டர் வாசலிலேயே வைத்து என்னைப் பிடித்துக்கொண்டாள்.

“ஏட்டி, அந்தச் சொல்லு எனக்கும் ஒனக்கும் மட்டுந்தான தெரியும்? எங்க அத்தை வீட்டுல ஒனக்கு என்ன குடுத்தாக?”

“நான் சொல்லலக்கா.”

“ஊமை மாதிரி இருந்துக்கிட்டு ஊரையே வித்துருவ போல. பாக்கியம் இருந்தா ஒன் மூஞ்சியில முழிப்பாளா?”

அப்படியா அக்கா? நீ இருந்திருந்தால் என்னை நம்பியிருப்பாயா?

முதலில் சாரைச் சந்தேகப்பட்டேன். வெப்சைட் அவருடையது, உள்ளே இருப்பது அவருக்குத் தெரியாமலா இருக்கும்? பிறகு மெஷினைச் சந்தேகப்பட்டேன். நட்சத்திரத்துக்குள் எழுத்தைப் பதுக்கி வைத்து, ஆள் இல்லாதபோது காட்டுமோ? ஒரு நாள் வேறொருவருக்கு எழுத்து எழுத்தாகச் சொல்லி அடித்துக்கொண்டிருந்தேன். வாசலோரம் கிரிக்கெட் ஸ்கோர் பார்த்துக்கொண்டிருந்தவனின் மவுஸ் சத்தம் நின்றது. நான் சொல்வதை நிறுத்தினேன். டிக் டிக் என்று மறுபடி கேட்டது. திரும்பச் சொன்னேன், நின்றது. அவன் சுந்தரத்தோடு சுற்றுகிறவன். ஜெயந்தி அக்கா பதிந்த அன்றைக்கும் அதே நாற்காலியில்தான் இருந்தான். அவன்தான் என்று சத்தியம் செய்ய மாட்டேன். ஆனால் மீதி எழுத்துகளை வாய்க்குள்ளேயே சொல்லி அடித்தேன்.

சார் முன்னால் போய் நின்றேன்.

“சார், அந்த நட்சத்திரம் வேண்டாம்.”

“ஏம்மா, உலகம் பூரா நட்சத்திரந்தான். பாதுகாப்பும்மா அது.”

“கண்ணுக்கு மறைச்சிட்டு, அம்புட்டுப் பேரு காதுலயும் போடுறோம் சார். அடிக்கிற எழுத்து திரையில தெரிஞ்சா அவியளே தேடித் தேடி அடிச்சுருவாக. நான் எதுக்குச் சத்தம் போடணும்?”

அவர் நாற்காலியை என் பக்கம் திருப்பினார். பிறகு, “இதை யாரு ஒனக்குச் சொல்லிக் குடுத்தா?” என்றார். பார்த்தாயா, அவருக்கும் சந்தேகம்.

ஆனாலும் மாற்றினார். எழுத்துத் தெரிய வேண்டுமா, மறைய வேண்டுமா என்பதைப் பதிகிறவரே தேர்ந்துகொள்ளலாம். தெரிந்தால் இரண்டாவது தடவை அடிக்க வேண்டியதில்லை. பெரிய எழுத்து, சின்ன எழுத்து என்ற பேதம் கிடையாது. தப்பு நேர்ந்தால் என்ன தப்பு என்று தமிழிலேயே வரும். மூலைக் கம்ப்யூட்டரைத் திருப்பி, நாற்காலி சுவரில் முட்டுகிற மாதிரி போட்டோம். பின்னால் யாரும் நிற்க முடியாது.

ஷிப்ட் விடுகிற நேரம் நீங்கள் இரண்டு பேரும் வேலை பார்த்த பேண்டேஜ் கம்பெனி கேட்டுக்குப் போனேன். ஜெயந்தி அக்கா முகத்தைத் திருப்பிக்கொண்டாள்.

“பழைய சொல்லை மாத்திருங்கக்கா. இப்ப நீங்களே அடிக்கலாம்.”

“நீ எங்க நிப்ப?”

“நீங்க நிக்கச் சொல்ற எடத்துல.”

ஞாயிற்றுக்கிழமை வந்தாள். மூலையில் உட்கார்ந்தாள். அடிக்க வேண்டிய பெட்டியைக் காட்டக் கை நீட்டினேன்.

“கையை எடு. வெளிய போ.”

போனேன். டீக்கடைப் பக்கம் வெயிலில் நின்றேன். உள்ளே கீபோர்டில் ஒரு தட்டல் கேட்டது, வெகுநேரம் கழித்து இன்னொரு தட்டல். ஸ்ரீவில்லிபுத்தூர் பஸ் வந்து போயும் அவள் முடிக்கவில்லை. சுந்தரத்தோடு சுற்றுகிறவன் படியேறிப் போனான். அவனுக்குக் கேட்க உள்ளே ஒன்றும் இல்லை.

வெளியே வந்து, “மாத்திட்டேன். நிச்சயம்னு எழுதியிருந்ததையும் நானே அழிச்சிட்டேன்” என்றாள். “என்ன சொல்லு வச்சேன்னு கேக்க மாட்டியா?”

“மாட்டேங்க்கா.”

என் முகத்தையே பார்த்துக்கொண்டு நின்றாள். நம்பினாளா? தெரியவில்லை. கோவில்பட்டியிலிருந்து இன்னும் பதில் இல்லை. அவளுடைய பழைய சொல் எனக்கு இன்னும் ஞாபகம் இருக்கிறது, அக்கா. அதை உன்னிடம்கூடச் சொல்ல மாட்டேன்.

இனிமேல் யாருடைய சொல்லும் என் வாயிலிருந்து வராது. அவர்களாகவே சொல்ல வந்தாலும் எழுந்து வெளியே போய்விடுவேன். என்னை நம்பித்தான் ஆக வேண்டும் என்ற கட்டாயம் ஜெயந்தி அக்காவுக்கும் வேண்டாம், அந்த நாற்காலியில் உட்காருகிற யாருக்கும் வேண்டாம். இதை உனக்கு எழுதிக் கொடுக்கிறேன்.

வாய் திறக்காத உன் தங்கச்சி,
முத்துலட்சுமி